கொசுவலையால் அடைத்த குடலிறக்கம்

மகாராஷ்டிரத்தின் வடக்கே துலே மாவட்டத்தில் இருக்கிறது தொண்டாயிச்சா. மிளகாய்ச் சந்தைக்குப் பேர்போன ஊர். குடலிறக்கத்துக்கான ஒரு மலிவான வைத்தியம் உலகின் கவனத்துக்கு வந்தது இங்கிருந்துதான்.

குடலிறக்கம் உழைப்பாளிகளைப் பாடாய்ப் படுத்தும் நோய். வயிற்றுச் சுவரில் தசை நலிந்த இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டு வரும். ஓட்டையை இழுத்துத் தைத்துவிடலாம். ஆனால் கிழிந்த வேட்டியை இழுத்துத் தைத்தால் தையலோரம் மறுபடி பிய்வதைப் போல அதுவும் விட்டுப்போகக்கூடும். உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் நிற்கும். அந்த ஒட்டுத்துணிதான் 'மெஷ்' எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் வலை. கம்பெனிகள் விற்கும் மெஷ்ஷின் விலை கூலித் தொழிலாளிக்கு எட்டாதது.

தொண்டாயிச்சாவில் சிறிய மருத்துவமனை நடத்திய டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் கொசுவலைத் துணியை எடுத்துப் பார்த்தார். அதன் இழையும் மெஷ்ஷின் இழையும் ஏறக்குறைய ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக். பூச்சிமருந்து தோய்க்காத வலையைத் துண்டு துண்டாக வெட்டி, முறைப்படி கிருமிநீக்கம் செய்து நோயாளிகளுக்கு வைத்தார். ஒரு துண்டுக்கு ஆன செலவு சில ரூபாய்தான்.

இதுவரை நடந்தது ஒரு டாக்டரின் சாமர்த்தியம். அது மருத்துவ உண்மையாக மாறியது அடுத்த கட்டத்தில். சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் செய்யும் அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை குறைவு. அதை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது. ஆகவே வேறு ஊர்களிலிருந்த அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் அதே துணியை, அதே முறையில் பயன்படுத்தினார்கள். எல்லோருடைய கணக்கையும் ஒன்றுசேர்த்து 2003-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சர்ஜரி' இதழில் வெளியிட்டார்கள். பிறகு இந்த யோசனை ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் கொசுவலை வகை மெஷ்ஷையும் கம்பெனி மெஷ்ஷையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2016-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மலிவான மெஷ்ஷின் விலை ஏறக்குறைய ஒரு டாலர். மற்றது நூறு டாலருக்கு மேல்.

இப்படி ஊரூராக இருக்கும் டாக்டர்களைச் சேர்த்து வைத்திருப்பது 1990-களின் தொடக்கத்தில் உருவான இந்தியக் கிராமப்புற அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் சங்கம். உறுப்பினர்களில் கணவன் மனைவியாகச் சேர்ந்து சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் உண்டு, மிஷன் மருத்துவமனைகளில் இருப்பவர்கள் உண்டு, தொண்டு நிறுவனங்களில் பணிபுரிபவர்களும் உண்டு. யாருக்கும் யாரும் மேலதிகாரி இல்லை. வேலை மட்டும் ஒன்றுதான். நகரத்தில் எலும்புக்கு ஒருவர், பிரசவத்துக்கு ஒருவர், மயக்கமருந்துக்கு ஒருவர் என்று இருக்கும்போது, இவர்கள் காலையில் சிசேரியன், மதியம் எலும்பு முறிவு, இரவில் பாம்புக்கடி என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போடுவதும் பல இடங்களில் இவர்களேதான். ஆண்டு மாநாட்டில் இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கைவேலை நுணுக்கங்கள் நகரத்துப் பாடப்புத்தகங்களில் கிடைக்காதவை.

இப்படி உத்திகள் கைமாறுவதற்கு லேப்ராஸ்கோப்பி இன்னொரு சாட்சி. வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகச் செய்யும் இந்தச் சிகிச்சைக்கு வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி உப்பவைக்க வேண்டும். அதற்கு முழு மயக்கம் தேவை. முழு மயக்கத்துக்கு அதற்கான டாக்டரும் இயந்திரமும் தேவை. மூன்றுமே கிராமத்தில் அரிது. வேலூர் சி.எம்.சி.யில் படித்து, அசாமின் அலிப்பூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஞானராஜ் போன்றவர்கள் வாயு இல்லாத முறையைக் கையில் எடுத்தார்கள். வயிற்றுச் சுவரை ஒரு கருவியால் வெளியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். முதுகில் போடும் ஊசியோடு பல சிகிச்சைகளை முடித்துவிடலாம். கருவிகளைச் சுமந்துகொண்டு வடகிழக்கின் சிறு மருத்துவமனைகளுக்குப் போய், அங்குள்ள டாக்டர்களோடு சேர்ந்து முகாம் நடத்தி இதைப் பரப்பினார்கள். பின்னர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து கருவியை மேம்படுத்தினார்கள்.

உத்தி கைமாறுவதைவிட ஆள் கிடைப்பது கடினம். மருத்துவம் படித்து முடித்த இளைஞர் ஒருவர் மலையடிவார ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவதற்குச் சம்பளம் மட்டுமே காரணமில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை, கற்றது மறந்துபோகும் என்ற பயமும் சேர்ந்தது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நீலகிரியின் கூடலூரில் 1990-இல் டாக்டர்கள் நந்தகுமார் மேனனும் ஷைலஜா தேவியும் ஆதிவாசி மருத்துவமனைப் பணியில் இறங்கினார்கள். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் போன்ற பழங்குடியினருக்கான அந்த மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். இரண்டும் தனித்தனி அமைப்புகள். ஆனாலும் இத்தகைய மருத்துவமனைகள் கூடி இளம் டாக்டர்களை வரவேற்கின்றன. சிட்லிங்கி முன்னின்று நடத்தும் 'டிராவல் ஃபெல்லோஷிப்' திட்டத்தில் ஒரு டாக்டர் நாட்டின் பல கிராம மருத்துவமனைகளில் மாறி மாறித் தங்கி வேலை பார்ப்பார். எந்த ஊர் தனக்கு ஒத்துவரும் என்பதை அவர் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்கும் சில மாதங்களுக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைக்கும்.

வேலூர் சி.எம்.சி.யின் வழி வேறு. திருச்சபை அமைப்புகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள் படித்து முடித்ததும் அந்த அமைப்பு காட்டும் மருத்துவமனையில் 2 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அப்படித் தொலைவில் இருப்பவர்கள் தனித்துப்போகாமல், வேலை செய்யும் இடத்திலிருந்தே படிக்கவும் மூத்தவர்களிடம் கேட்டுத் தெளியவும் வசதியாகத் தொலைதூரப் பயிற்சிப் படிப்பு ஒன்றும் நடத்தப்படுகிறது.

பணக்கார நாட்டிலும் சின்ன ஆஸ்பத்திரிக்கு இதே தனிமைதான். அவதி மட்டும் வேறு. அமெரிக்காவில் 25 படுக்கைக்கு மேற்படாத கிராம மருத்துவமனைகளைக் காப்பாற்ற 1997-இல் தனிச் சட்ட ஏற்பாடே வந்தது. அப்படியும் 2010-க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராம மருத்துவமனைகள் மூடப்பட்டன, அல்லது உள்நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டன. மிச்சமிருப்பவற்றை விலைக்கு வாங்கப் பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் காத்திருக்கின்றன. 2023-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 20-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்து 'ரஃப் ரைடர்' என்ற கூட்டமைப்பை அமைத்தன. உரிமை அவரவர் ஊரிடமே இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேரம் பேசும்போது மட்டும் எல்லோரும் ஒரே தரப்பு.

இந்தியாவில் பேரம் பேச வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனியைவிட அரசு விதிகளோடுதான். ரத்தம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்பெல்லாம் பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் கணவனையோ தம்பியையோ அழைத்து, பரிசோதித்து, அங்கேயே ரத்தம் எடுத்து ஏற்றிவிடுவார்கள். 1990-களில் எய்ட்ஸ் அச்சமும் காசுக்கு ரத்தம் விற்கும் வியாபாரமும் பெருகின. 1996-இல் உச்ச நீதிமன்றம் உரிமமற்ற ரத்த வங்கிகளை மூட உத்தரவிட்டது. நகரத்துக்குத் தேவையான சீர்திருத்தம் அது. ஆனால் ரத்த வங்கி நடத்தும் வசதியில்லாத கிராம ஆஸ்பத்திரி, கண்ணெதிரே ரத்தம் கொடுக்கத் தயாராக ஆள் நிற்கும்போதும் சட்டப்படி கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

ஒற்றை டாக்டர் மனு எழுதினால் அது கோப்பில் தூங்கும். சங்கமாகக் குரல் எழுப்பியபோது நிலைமை ஓரளவு அசைந்தது. 2001-இல் வந்த விதித் திருத்தத்தின்படி, ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்குக் குறைவாக ரத்தம் பயன்படுத்தும் மருத்துவமனைகள், உரிமம் பெற்ற ரத்த வங்கியிலிருந்து வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். தாய் வங்கி பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு இது போதும். மலைக்கு அப்பால் இருப்பவர்கள் கேட்பது இன்னொன்று: எல்லைப் பகுதிகளில் ராணுவ மருத்துவப் பிரிவுகள் ரத்த வங்கி உரிமம் இல்லாமலே ரத்தம் எடுத்து ஏற்றலாம் என்று அதே மருந்துச் சட்ட விதிகளில் விலக்கு இருக்கிறது. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைப் பரிசோதனைகளைச் செய்துவிட்டு, அவசரத்துக்கு மட்டும் அந்த விலக்கைத் தங்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது கிராமப்புற அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் நெடுநாள் கோரிக்கை.