பிரான்சிஸ் இங்கானு: மணல் குழியும் பட்டமும்

கேமரூன் நாட்டின் பாட்டியே ஊரில் 1986-இல் பிறந்தவர். பள்ளி வயதிலேயே மணல் குழியில் இறங்கி, மண்வாரியால் அள்ளி லாரியில் ஏற்றிக் கூலி வாங்கினார். குத்துச்சண்டை வீரராகும் ஆசையில் 2012-இல் ஊரைவிட்டுக் கிளம்பினார். சகாராவைக் கடந்து, மொராக்கோவிலிருந்து கடல்வழியே ஸ்பெயினில் கரையேறி, தடுப்புக்காவலில் இருந்து, 2013-இல் பாரிஸ் சேர்ந்தார். கையில் காசில்லை, இரவில் படுத்தது வாகன நிறுத்துமிடத்தில். கலப்புத் தற்காப்புக் கலைக்கு அவரைத் திருப்பியது அந்நகரின் ஒரு பயிற்சிக்கூடம்தான்.

2018-இல், கலப்புத் தற்காப்புக் கலை அமைப்பான யுஎஃப்சியின் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் ஸ்டிபே மியோசிச்சிடம் ஐந்து சுற்றும் ஆடி, களைத்துத் தோற்றார். 2021 மார்ச் 27 அன்று லாஸ் வேகாஸில் அதே மியோசிச்சை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி யுஎஃப்சி ஹெவிவெயிட் பட்டம் வென்றார். ரசிகர்கள் இன்றும் பேசுவது மியோசிச்சை வீழ்த்திய இடதுகைக் குத்தைத்தான். ஆனால் அவருடைய உண்மையான தேர்ச்சி தெரிந்தது 2022 ஜனவரியில்: முழங்கால் காயத்தோடு, பாரிஸில் உடன் பயின்ற சிரில் கானை மல்யுத்தப் பிடிகளால் கீழே தள்ளி, புள்ளிக்கணக்கில் பட்டத்தைக் காத்தார்.

ஒப்பந்தம் ஒத்துவராததால் 2023-இல் பட்டத்தோடு யுஎஃப்சியை விட்டு விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் ரியாத்தில் நடந்த தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையிலேயே ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் டைசன் ஃபியூரியை மூன்றாம் சுற்றில் தரையில் சாய்த்தார். தீர்ப்பு ஃபியூரிக்குப் போனது. மூன்று நடுவர்களில் ஒருவர் மட்டும் இங்கானுவுக்கே கூடுதல் புள்ளி போட்டிருந்தார்.