பந்தும் கிண்ணமும்

சிம்மக்கல்லில், வைகைக் கரையை ஒட்டிய பழைய வீடொன்றில், கூடத்திலே பாய் விரித்துச் சம்மணமிட்டு இலையில் உண்டு, தாழ்ந்த திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டே எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், தேய்ந்துபோன இடுப்பு மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்திக்கொண்டு வீடு திரும்புவாரானால், அவர் முதலில் விலகியிருக்க வேண்டியது அந்தப் பாயைவிட்டுத்தான். தொடையெலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பின் குழி ஒரு கிண்ணம். சத்திர சிகிச்சையில் கீறப்பட்ட தசையும் சவ்வும் கூடி வலுப்பெறுகிற வரையில், இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கிக் குந்துவதும், கால்மேல் கால் போடுவதும் பந்தைக் கிண்ணத்தினின்று நழுவச் செய்யக்கூடும். உயரமான நாற்காலியும் மேல்நாட்டுக் கழிப்பிடமும் இந்நாட்களில் ஆடம்பரமல்ல, சிகிச்சையின் அங்கங்களே.

படுக்கையிலேயே கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்கு ஓடிப் பிராணாபத்தை விளைவிக்கலாம் என்பதனால், வைத்தியர்கள் பெரும்பாலும் மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள். "பாவம், பெரியவர் கொஞ்சம் படுத்திருக்கட்டுமே" என்று தடுக்கும் உறவினரின் பாசம் இங்கே கெடுதலையே செய்கிறது. புண்ணில் நீர் கசிந்தாலும், ஜுரம் விடாவிட்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்; கிருமி உலோகத்தில் குடியேறிவிட்டால் மூட்டையே கழற்ற நேரும்.

இவையெல்லாம் வெளியே தெரியும் உபத்திரவங்கள். வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் உள்ளே நடக்கும் கேடும் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி தாம் முதலில் கையாண்ட டெஃப்லான் கிண்ணங்கள் விரைவில் தேய்ந்துபோகக் கண்டு, 1962-இல் உலோகப் பந்துக்கு உறுதியான பாலிஎதிலீன் கிண்ணத்தைப் பொருத்தி வெற்றி பெற்றார். பின்னாளில், தேய்மானத்தை இன்னும் குறைக்கலாமென்ற நம்பிக்கையில், பந்து, கிண்ணம் இரண்டையும் கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்த மூட்டுகள் வந்தன. அவற்றுள் ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்பதில், உலோகத்தோடு உலோகம் உரசி உதிர்ந்த நுண்துகள்கள் சுற்றுத் தசையை அரித்து, எலும்பைக் கரைத்து, ரத்தத்திலும் கலந்தன. 2010 ஆகஸ்டில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் இந்தியாவில் சுமார் 4,700 சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு நிபுணர் குழுவை அமைத்ததோ 2017-இல்தான். ஏழு வருஷ வலிக்குப் பிறகு! குறைந்தது 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வேண்டுமென்று அக்குழு சொல்ல, 2018-இல் வகுக்கப்பட்ட சூத்திரம் அதை 30 லட்சம் முதல் 1.23 கோடி வரையாக உயர்த்தியது.

எனினும் என்னைக் கலங்கச் செய்வது, அந்த மூட்டைத் தாங்கியவர்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் எங்கேயிருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாமற்போனதுதான். தம் சரீரத்துள் இருப்பது எந்தக் கம்பெனியின் மூட்டென்று அறியாமலே வலியை மூப்பின் மேல் போட்டுவிட்டு இருந்தவர் அவர்களுள் எத்தனை பேரோ! மூட்டின் உறையில் அதன் பெயரும் வரிசை எண்ணும் அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும். வீடு திரும்பும் நாளில் அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே பத்திரப்படுத்த வேண்டும்.