வாயில் இரையோடு கல்லான மீன்

பெரிய மீனின் வாய்க்குள் சிறிய மீன். தலை உள்ளே போய்விட்டது; வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் செத்த பெரிய மீன், இரையோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. இது நடந்து ஏறக்குறைய 5.2 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கெம்மரர் என்ற சிற்றூரை ஒட்டி, பழைய ஏரியொன்றின் அடியில் படிந்த ‘கிரீன் ரிவர்’ பாறைத்தொகுதியின் சுண்ணாம்புக்கல்லை ஏடு ஏடாகப் பிரிக்கும்போது இத்தகைய ஜோடிகள் கிடைத்திருக்கின்றன. விழுங்கியது டிப்ளோமிஸ்டஸ், விழுங்கப்பட்டது நைட்டியா.

துடுப்பு சொல்லும் குலம்

நைட்டியா நம் மத்திக்கு உறவு. பெரும்பாலானவை ஒரு சாணுக்கும் குறைவு. டிப்ளோமிஸ்டஸ் குஞ்சை அதன் அருகில் வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. வாலுக்கு முன்னால், அடிப்பக்கத்தில் உள்ள குதத் துடுப்பைப் பார்க்க வேண்டும். நைட்டியாவுக்கு அது குட்டை, டிப்ளோமிஸ்டஸுக்கு நீளம். நெடுங்காலம் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். தொல்லுயிரியலாளர் லான்ஸ் கிராண்டே 1982இல் எலும்புகளை ஒப்பிட்டு, டிப்ளோமிஸ்டஸ் இன்று வாரிசே இல்லாமல் அற்றுப்போன தனிக் குலத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்.

வாய் சொல்லும் உணவு

டிப்ளோமிஸ்டஸின் வாய் மேல்நோக்கித் திறக்கும். நீர்ப்பரப்பை ஒட்டி இரை தேடியது என்று கணிக்கலாம். நோட்டோகோனியஸ் என்ற மீனுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கிறது. அது ஏரியின் அடியில் மேய்ந்திருக்கும். அரோவானாவின் உறவான ஃபேரியோடஸுக்குக் கூரிய பற்கள். அது வேட்டை மீன். இவையெல்லாம் உடலமைப்பை வைத்துச் செய்யும் ஊகங்கள். வாயில் சிக்கிய நைட்டியாவோ நேரடிச் சாட்சி.

பாறை சொல்லும் ஏரி

இன்று அந்த இடம் குளிரும் வறட்சியும் மிகுந்த மேட்டுநிலம். ஆனால் மீன் கிடைக்கும் அதே பாறைகளில் பனையோலைகளும் முதலை எலும்புகளும் இருக்கின்றன. கடும் உறைபனியை இவை தாங்கா. அப்படியென்றால் அன்று அங்கே இதமான வெப்பம் இருந்திருக்க வேண்டும். கல்லின் மெல்லிய ஏடுகளைப் புழுக்கள் துளைத்துக் கலைக்கவில்லை. செதில்கூட உதிராமல் மீன்கள் கிடக்கின்றன. ஏரியின் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால் பிணம் தின்னும் உயிர்கள் அங்கே வாழ முடியவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். சில பலகைகளில் நைட்டியாக்கள் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன; கூட்டமாக வாழ்ந்தவை என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

இப்பகுதியின் ஒரு பங்கு 1972 முதல் ‘ஃபாசில் பியூட்’ தேசிய நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. அதற்கு வெளியே தோண்டப்படும் நைட்டியாக்கள் அலங்காரப் பொருள்களாக உலகெங்கும் விலைபோகின்றன. எந்த ஏட்டில் கிடந்தது, உடன் என்ன இருந்தது என்று எழுதி வைக்காமல் மீனை மட்டும் பெயர்த்தெடுத்தால், அதன் பெயர் மிஞ்சும். அது நீந்திய ஏரி தொலைந்துபோகும். மீனைப் போலவே அது கிடந்த கல்லையும் போற்ற வேண்டும்.