சேற்றுக்கும் உண்டு அளவு

சேறு என்றதும் நாம் முகஞ் சுளிக்கின்றோம். ஆயினும், கண்டல் மரங்களின் காலடியில் கிடக்கும் கருஞ்சேறு நம் வீட்டுக் கறிச்சட்டியோடு நெருங்கிய உறவுடையது. மட்டக்களப்புக் களப்பு தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கரையோரக் கண்டல் வேர்களினிடையே ஒதுங்கியே இறாற் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன.

அச்சேற்றை ஒரு களஞ்சியம் எனலாம். உதிர்ந்த இலைகளும் வாய்க்கால்கள் கொணரும் வண்டலும் அங்கே தங்குகின்றன. சேற்றிலுள்ள இரும்பு பொசுபரசைப் பற்றிக் கொள்கின்றது. நைதரசனில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் வாயுவாக்கி வானுக்கு அனுப்பி விடுகின்றன. இவ்வாறு தன் வரவு செலவைச் சேறு தானே ஒழுங்கு செய்து கொள்கின்றது.

வரவு வரம்பின்றிப் பெருகினால் யாது நிகழும்? 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் நம் பகுதியில் நெல் வயல்கள் பெருகின. வயலுக்கு இடும் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் உண்ணாது எஞ்சியது வடிகால் வழியே களப்பை நாடுகின்றது. மலக்குழிக் கசிவும், சவர்க்கார நீரும், தோணாக்களிலும் வாய்க்கால்களிலும் கொட்டும் குப்பையும் அதனுடன் சேர்கின்றன.

ஊட்டம் மிகுந்த நீரில் பாசி பெருகுகின்றது. பின்னர் மடிந்து அழுகுகின்றது. அதனால் ஒட்சிசன் அற்றுப் போகவே, இரும்பு தன் பிடியைத் தளர்த்திப் பொசுபரசை மீண்டும் நீரில் விடுகின்றது. அது புதிய பாசிக்கு உணவாகின்றது. ஆதலின், கழிவை இன்றே நிறுத்தினாலும், பழைய கடனைச் சேறு பல காலம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மிகுந்த ஊட்டம் மரத்துக்கேனும் நன்மை தருமோ? 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை கூறுகின்றது. பசளையிட்ட கண்டல் மரங்கள் தண்டிலும் இலையிலும் செழித்தன. வேரோ அதற்கு ஈடாக வளரவில்லை. மழை குன்றி உப்பு ஏறிய இடங்களில் அவையே அதிகமாக மடிந்தன. உலர் வலயத்தில் வாழும் நாம் இதனை எளிதாக எண்ணலாகாது.

பசளையைப் பயிரின் பருவமறிந்து பிரித்து இடுதல், மலக்குழியைக் கசிவின்றி அமைத்தல், சமையற் கழிவை எருவாக்குதல், கரையோரக் கண்டலை வெட்டாதிருத்தல் ஆகிய நான்கும் நம் கைக்கு எட்டியவை. மாணவர்கள் இவற்றை இல்லத்தில் எடுத்துரைப்பின், பெரியோர் செவி சாய்ப்பர் என்றே நம்புகின்றோம்.