கயத்தாறு ரன்வேயில் பேய் இருக்கா? பதில் தாமிரபரணிக் கரையில் இருக்கு!

ராத்திரி பன்னிரண்டு மணி. ஆள் இல்லாத ரன்வே. தூரத்தில் பூட்ஸ் சத்தம்... இப்படி ஆரம்பிக்கிற ரீல்ஸ் ஒன்றாவது உங்கள் போனில் வந்திருக்கும். பழைய ராணுவ விமானத்தளம் என்றாலே உலகம் முழுக்கக் கதை ஒன்றுதான். செத்துப்போன பைலட் நடமாடுவார், இல்லாத இன்ஜின் உறுமும், பூட்டிக் கிடக்கிற ஷெட்டில் விளக்கு எரியும்.

நம்ம நெல்லைக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு ரன்வே கிடக்கிறது. மதுரை ரோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் வருகிற கயத்தாறில். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல் தூக்கிலிட்ட அதே கயத்தாறு. இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை நெல்லை மாவட்டம்தான்.

அங்கே பேய் இருக்கா என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கு. பொட்டல் காட்டில் ரன்வே எதுக்கு வந்தது?

ஜப்பான்காரன் வந்துட்டான்!

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பு மேலும், 9-ல் திருகோணமலை மேலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மேப்பை எடுத்துப் பாருங்கள். நெல்லைக்கு நேர்க்கோட்டில் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். அடுத்தது நாமதானா என்கிற பயம் தெற்கே எவ்வளவு இருந்திருக்கும்!

பிரிட்டிஷ் அரசு அவசர அவசரமாக இந்தியா முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்களைப் போட்டது. நம்ம பக்கம் சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு எல்லாம் அந்தக் காலத்து வரிசைதான். போர்க்காலச் சட்டப்படி அரசு நினைத்தால் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1945-ல் போர் முடிந்தது. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். சூலூர் இன்றைக்கும் விமானப்படைத் தளம். சோழவரத்தில் பல வருஷம் கார் ரேஸ் நடந்தது. கயத்தாறு ரன்வே சும்மா கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் வந்தன, காற்றாலைகளைச் சோதிக்கிற மத்திய அரசு நிலையம்கூட வந்தது. ஆனால், விமானம் வரவில்லை.

மனுஷன் விட்டுப் போன இடத்தில்தானே கதை குடியேறும்?

ஸ்காட்லாந்தில் வந்த ஆவி

இந்த வகைக் கதைகளில் ரொம்பப் பழசு, ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் விமானத்தளத்துக் கதை. 1913 மே 27-ல் டெஸ்மண்ட் ஆர்தர் என்கிற ஐரிஷ் பைலட் அங்கே பறந்தபோது இறக்கை உடைந்து விழுந்து இறந்தார். யாரோ இறக்கையை உடைத்துவிட்டு, வெளியே தெரியாமல் ஒட்டுப்போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று ராயல் ஏரோ கிளப் விசாரணை சொன்னது.

1916-ல் வந்த ஓர் அரசு அறிக்கை இதை ஏற்கவில்லையாம். அந்த வருஷக் கடைசியில்தான் பைலட் உடையில் ஒரு உருவம் தளத்தில் நடமாட ஆரம்பித்ததாம். நியாயம் கிடைத்த பிறகு வரவே இல்லையாம். இதெல்லாம் கதை சொல்கிறபடி. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆவி யாரையும் பயமுறுத்த வரவில்லை. 'என் மேல தப்பு இல்லை' என்று சொல்ல வந்தது. இன்றைக்கு அந்தத் தளம் ஒரு மியூசியம்.

இது நெல்லைக்காரங்களுக்குப் புதுசா என்ன?

நம்ம ஊர் பேயை எப்படி நடத்தும்?

தாமிரபரணி மலையிறங்குகிற காரையாறு பக்கம் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். யார் அவர்? முத்துப்பட்டன். சாதி மீறி பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கச்சியைக் கட்டியவர். மாட்டுக் கிடையைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர். அநியாயமாகச் செத்தவரை ஊர் விரட்டவில்லை. பேர் சொல்லி, வில்லுப்பாட்டில் கதை பாடி, சாமியாக்கிப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டது.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் இதே மரியாதை கிடைத்திருக்கிறது, நம்புவீர்களா? 1809-ல் திருவிதாங்கூர் படையோடு நடந்த சண்டையில் ஒரு ஆங்கிலேய அதிகாரி படுகாயமடைந்து இறந்தார். தேரிமணலில் புதைத்தார்கள். பிற்பாடு அந்தப் பக்கத்து மக்கள் அவரைக் கும்பிட ஆரம்பித்து, சாராயமும் சுருட்டும் படைத்ததாக 1849-ல் கால்டுவெல் எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் படைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நெல்லையின் ஃபார்முலா சிம்பிள். செத்தவருக்குப் பேரும் கதையும் கிடைத்தால் சாமி. கிடைக்காவிட்டால் பேய்.

அப்போ கேட்கிற சத்தம்?

ரன்வே மாதிரி திறந்த பொட்டல், ராத்திரிப் பறவைகளுக்குச் சொந்த வீடு. ஆள்காட்டிக் குருவி ஆள் வாசனை பட்டாலே கத்தும். கண்கிலேடி என்று ஒரு பறவை, பெரிய மஞ்சள் கண்ணோடு தரையில் அசையாமல் நிற்கும், இருட்டினால் ஓலமிடும். பாழடைந்த கட்டடத்தில் கூகை இருக்கும். வெள்ளை முகம், சத்தமே இல்லாத பறத்தல், கிறீச்சென்று ஒரு அலறல். இந்த மூன்றும் போதும், ஒரு முழு நீளப் பேய்ப்படம் ரெடி.

போனில் 'பேய் மீட்டர்' ஆப் அடிக்கிறதா? அது போனுக்குள் இருக்கிற திசைகாட்டி சென்சார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கே துள்ளும்.

இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற இன்ஜினீயர் தன் லேபில் சாம்பல் நிற உருவம் ஒன்றைப் பார்த்து வேர்த்துப் போனார். தேடிப் பார்த்தால், ஒரு ஃபேன் காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்பியிருந்தது. 1998-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். ஆனால், லண்டனில் இதையே ஒரு அறை கட்டி 79 பேரிடம் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பலருக்கும் விநோதமாக ஏதேதோ தோன்றியது. அதிர்வு இருந்ததா, இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'இங்கே ஏதாவது தோன்றலாம்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்ததுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ரீல்ஸ் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் இதேதான் நடக்கும்.

போனை வேறு பக்கம் திருப்புங்க

பாழடைந்த தளங்களில் நிஜ ஆபத்து நிறைய. பாம்பு, மூடாத குழி, துருப்பிடித்த கம்பி. அத்துமீறி நுழைந்தால் கேஸும் வரலாம். கன்டென்ட்தான் வேணும்னா, கேமராவை வீட்டுப் பக்கம் திருப்புங்கள்.

1942-ல் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தாவோ ஆச்சியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். "ரன்வே போட யாரோட நிலத்தை எடுத்தாங்க? ஜல்லி உடைக்க நம்ம ஊர்ல இருந்து யார் போனா? கூலி என்ன? யாருக்காவது அடிபட்டுதா? பிளேன் வந்தா நீங்க எங்க ஒளிஞ்சீங்க?" கேளுங்கள், ரெக்கார்ட் பண்ணுங்கள்.

முத்துப்பட்டனுக்கு வில்லுப்பாட்டு இருக்கு. மான்ட்ரோஸ் பைலட்டுக்கு மியூசியம் இருக்கு. நம்ம ரன்வேயில் கல் சுமந்தவருக்கு ஒரு பேராவது வேண்டாமா?