ஆறாவது வாரமே ஏன்?

வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டத்தின் பேரூராட்சிகளில் ஒன்று. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிழைப்புத் தேடியவர்கள் நிறைந்த ஊர். இத்தகைய ஊர்களில் ஒரு குழந்தையின் முதல் ஆண்டு இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு போடப்படுவதுண்டு. அப்போது பெற்றோருக்கு ஒரு குழப்பம் வருகிறது. ‘பென்டாவேலன்ட்’ என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியை இங்கே, குழந்தை பிறந்த 6, 10, 14ஆவது வாரங்களில் போடுகிறார்கள். இதையொத்த கூட்டுத் தடுப்பூசியைச் சிங்கப்பூரிலும் சவுதி அரேபியாவிலும் 2, 4, 6ஆவது மாதங்களில் போடுகிறார்கள். மலேசியாவில் 2, 3, 5ஆவது மாதங்களில். நாட்டுக்கு நாடு தேதி மாறுகிறது என்றால், நாமும் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன? பிரித்துப் பிரித்துப் போட்டால் என்ன? நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இந்தத் தேதிகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், தள்ளிப்போடுவதும் பிரிப்பதும் குழந்தைக்கு நன்மை செய்வதில்லை என்பது விளங்கும்.

நோய் எந்த வயதில் தாக்குகிறது, குழந்தையின் உடல் எந்த வயதில் எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்ற இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான சமரசமே தடுப்பூசி அட்டவணை. கக்குவான் இருமலை எடுத்துக்கொள்வோம். அது பிறந்த சில மாதங்களுக்குள்தான் அதிக உயிர்களைப் பறிக்கும். கர்ப்பிணிக்கு நம் அரசு மருத்துவமனைகளில் போடும் ‘டிடி’ ஊசி ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே; கக்குவானுக்கு அதில் காப்பில்லை. ஆகவே குழந்தைக்குச் சீக்கிரம் தொடங்கியாக வேண்டும். மிகச் சீக்கிரம் தொடங்கினாலோ, பிஞ்சு உடல் போதிய எதிர்ப்புப் புரதங்களை உருவாக்காது. ஆறு வாரம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே கண்ட புள்ளி. தவணைகளுக்கிடையே குறைந்தது நான்கு வார இடைவெளி ஏன்? முதல் ஊசி தூண்டிய நினைவு அணுக்கள் பக்குவப்பட அந்த அவகாசம் தேவை. இடைவெளி இரண்டு மாதமாக நீண்டால் எதிர்ப்பாற்றல் இன்னும் சற்று வலுவாக அமையும். அந்த வசதியைத்தான் சிங்கப்பூர் எடுத்துக்கொள்கிறது. நோய்ப் பரவலுக்கு அஞ்ச வேண்டிய இந்தியாவோ, மூன்றரை மாதத்துக்குள் மூன்று தவணையையும் முடித்துவிட்டு, 16 முதல் 24 மாதத்துக்குள் ஊக்கத் தவணை போட்டுக் குறையைச் சரிசெய்கிறது. இரண்டு நாட்டுக் கணக்கிலும் பிழையில்லை. வழி வேறு, இலக்கு ஒன்று. இதே தர்க்கத்தால்தான் ஹெபடைடிஸ் பி ஊசியின் முதல் தவணை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து அந்தக் கிருமி தொற்றினால், தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு அது நாட்பட்ட கல்லீரல் தொற்றாக நிலைத்துவிடுகிறது. தட்டம்மை ஊசி மட்டும் ஒன்பது மாதம் காத்திருக்கிறது. அது உயிருள்ள, ஆனால் வலுக்குறைக்கப்பட்ட வைரஸ். முன்பே போட்டால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் அதை அழித்துவிடக்கூடும் என்பதே காரணம்.

ஐந்தையும் ஒரே ஊசியில் சேர்த்தது எதற்கு? தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி முன்பே இருந்தது. ஹெபடைடிஸ் பி தனி ஊசி. மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ‘ஹிப்’ பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தையும் தனியாகச் சேர்த்திருந்தால் மூன்று தவணைக்கு ஒன்பது குத்து. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழகமும் கேரளமும் பென்டாவேலன்டை அரசுத் திட்டத்தில் தொடங்கியபோது அது மூன்றாகக் குறைந்தது. குத்துகள் கூடக்கூட, தவறும் தவணைகளும் கூடும். ஆனால் தடுப்பு மருந்துகளை வெறுமனே கலக்கிவிட முடியாது. முத்தடுப்பு மருந்தில் சேர்க்கப்படும் தியோமெர்சால் என்ற பாதுகாப்புப் பொருள் போலியோ ஊசி மருந்தின் வீரியத்தைக் கெடுக்கும். 1990களில் சில கூட்டு மருந்துகளில் ஹிப்புக்கான எதிர்ப்பாற்றல் குறைந்ததும் கண்டறியப்பட்டது. அதனால் ஒவ்வொரு கூட்டும் தனித்தனி ஊசிகளோடு ஒப்பிடப்பட்டு, எதிர்ப்பாற்றல் அளக்கப்பட்ட பிறகே அனுமதி பெறுகிறது.

இத்தனையை ஒரே நாளில் பச்சைக் குழந்தை தாங்குமா என்பது அடுத்த தயக்கம். ஆறாவது வாரத்தில் பென்டாவேலன்ட், நியுமோகாக்கல் ஊசி, போலியோ ஊசி என மூன்று குத்து, போலியோவுக்கும் ரோட்டாவைரஸுக்குமான சொட்டு மருந்து இரண்டு. பிறந்த சில நாட்களிலேயே கோடிக்கணக்கான கிருமிகள் குழந்தையின் குடலிலும் தோலிலும் குடியேறுகின்றன. அவற்றை எதிர்கொண்டுதான் நோயெதிர்ப்பு மண்டலம் வளர்கிறது. 2002இல் அமெரிக்க மருத்துவர் பால் ஆஃபிட் குழுவினர், ஒரு கைக்குழந்தை கோட்பாட்டளவில் ஏறக்குறைய 10,000 தடுப்பூசிகளுக்கு ஒரே நேரத்தில் எதிர்வினை காட்ட முடியும் என்று கணக்கிட்டார்கள். பிரித்துப் போட்டால் எதிர்ப்பாற்றல் கூடுவதில்லை. பாதுகாப்பில்லாத நாட்கள்தாம் கூடும்.

காய்ச்சல், தொடையில் வீக்கம், விடாத அழுகை ஆகியவை உண்மை. கக்குவான் பாக்டீரியாவைக் கொன்று, முழுதாகவே சேர்த்துச் செய்த மருந்தே இதற்கு முதன்மைக் காரணம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும், ‘வலியில்லாத ஊசி’ எனப்படும் வகையில் காய்ச்சல் குறைவு. ஆனால் அது தரும் கக்குவான் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. மரணம் பற்றிய அச்சமும் எழுந்ததுண்டு. 2008 ஜனவரியில் பென்டாவேலன்டைத் தொடங்கிய இலங்கை, மூன்று மாதத்துக்குள் நான்கு குழந்தைகளின் இறப்பு பதிவானதால் முதல் தொகுதி மருந்தை நிறுத்தியது; பின்னர் ஊசியையே நிறுத்திவைத்தது. உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று நிறுவப்படாததால் 2010இல் இலங்கை அதை மறுபடி ஏற்றுக்கொண்டது. ஐயம் எழுந்ததும் நிறுத்தி, ஆராய்ந்து, தொடர்ந்த அந்த நாட்டின் நடைமுறையே நம்பிக்கைக்கு ஆதாரம். ஊசியைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதை 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் காட்டியது. மறந்துபோன தொண்டை அடைப்பான் அங்கே திரும்பி வந்து உயிர்களைக் கொண்டுபோனது.

வெளிநாட்டில் வாழும் குடும்பங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து, நான்கு வார இடைவெளியோடு தொடரலாம். ஒரு வயதுக்குள் தொடங்கிய பென்டாவேலன்டை மூன்று தவணையும் முடித்தே ஆக வேண்டும். புறப்படும்போது தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு எடுத்துச் செல்லுங்கள். போட்ட ஊசியின் பெயரும் தேதியும் தெரிந்தால் எந்த நாட்டு மருத்துவரும் மீதியைத் தொடர முடியும். லேசான சளிக்காகவும் பயணத்துக்காகவும் ஆறாவது வாரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். கக்குவான் அதற்காகக் காத்திருக்காது.