ரூட் கேனலில் பல்லுக்குள் விடும் 'இடிடிஏ' என்ன செய்யுது? அதன் 'பங்காளி'க்கும் அணு உலைக்கும் என்ன தொடர்பு?

புதுப்பட்டினம் ஈசிஆர் ஓரம் ஒரு பல் கிளினிக்கில் ரூட் கேனலுக்கு உட்கார்ந்தால், டாக்டர் சின்ன சிரிஞ்சில் ஏதோ ஒரு தண்ணியைப் பல்லுக்குள் விட்டு விட்டு எடுப்பார். 'என்ன மருந்து டாக்டர் இது?' என்று கேட்கவும் முடியாது, வாய் திறந்தபடியே இருக்கும். அதில் ஒன்றுதான் இடிடிஏ.

நண்டுப் பிடி!

இந்த வகை வேதிப்பொருளுக்கு 'கீலேட்டிங் ஏஜென்ட்' என்று பெயர். கிரேக்க மொழியில் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. கால்சியம், ஈயம் மாதிரியான உலோகங்களை ஒரே நேரத்தில் ஆறு இடத்தில் கவ்விக்கொள்ளும்.

பல்லுக்குள் என்ன நடக்குது?

வேர்க்குழாயை ஃபைல் வைத்துச் சுரண்டும்போது, பல்தூளும் கிருமியும் கலந்து உள்சுவரில் சேறு போல அப்பிக்கொள்ளும். அதை எடுக்காவிட்டால் மருந்து உள்ளே இறங்காது, அடைக்கும் சிமெண்டும் சரியாக ஒட்டாது. சோடியம் ஹைப்போகுளோரைட் (நம்ம வீட்டு பிளீச்சிங் திரவத்தில் இருப்பதுதான்) கிருமியைக் கொல்லும், சதையைக் கரைக்கும். ஆனால் பல்தூளில் இருக்கும் கால்சியத்தை அதால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் 17 சதவீத இடிடிஏ வருகிறது. 1957-ல் நார்வேயின் நைகார்ட் ஓஸ்ட்பி இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்.

சுமார் ஒரு நிமிடம் போதும். ரொம்ப நேரம் விட்டால் நல்ல பல்லின் கால்சியத்தையும் அரிக்க ஆரம்பித்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஹைப்போகுளோரைட்டின் வீரியமும் போய்விடும். அதனால்தான் விட்டு விட்டு எடுப்பது.

ரத்தப் பரிசோதனையிலும் இருக்கு

லேபில் ஊதா மூடி போட்ட டியூப் பார்த்திருப்பீங்க. அதன் உள்ளே இருப்பதும் இடிடிஏதான். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அணுக்களை எண்ண முடிகிறது. அதே டியூப் ரத்தத்தில் கால்சியம் அளவு பார்த்தால் ரிசல்ட் தப்பாகத்தான் வரும்.

அணு உலைக்கு என்ன தொடர்பு?

புதுப்பட்டினத்தை ஒட்டிய கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் சோதனை அதிவேக ஈனுலையின் எரிபொருளில் புளூட்டோனியம் இருக்கு. எந்த நாட்டிலும் இந்த வேலையில் இருப்பவர் உடலுக்குள் புளூட்டோனியம் போய்விட்டால், இடிடிஏவின் பங்காளியான 'டிடிபிஏ' அதைக் கவ்வி சிறுநீரில் வெளியேற்றும். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2004-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. கதிர்வீச்சு என்றாலே இதுதான் மருந்து என்று நினைக்க வேண்டாம். அயோடினுக்கும் சீசியத்துக்கும் இது உதவாது.

'அடைப்பைக் கரைக்கும்' விளம்பரம்?

ஆபரேஷன் இல்லாமல் இதய அடைப்பைக் கரைக்கிறோம் என்று இடிடிஏவை டிரிப்ஸில் ஏற்றும் 'கீலேஷன் தெரபி' விளம்பரங்கள் கண்ணில் படும். ஏற்கனவே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டாக்ட்-2 ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது: பலன் இல்லை.

ஆபத்தும் இருக்கு. ஈய விஷத்துக்குக் கொடுப்பது கால்சியம் ஏற்கனவே சேர்த்த இடிடிஏ. கால்சியம் இல்லாத டைசோடியம் இடிடிஏ ரத்தத்தில் ஏறினால், அங்கிருக்கும் கால்சியத்தையே பிடுங்கும், இதயம் நின்றுவிடலாம். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை கீலேஷன் சிகிச்சையில் இப்படிக் கால்சியம் குறைந்து 3 பேர் இறந்தார்கள். அதில் 2 பேர் குழந்தைகள்.